மலையை இடப்பக்கம் வைத்து நடந்தவன்

அன்புள்ள அண்ணா,

வாயைப் பொத்திக்கொண்டிருந்தது போதும். நீ செத்து ஒரு வருடமாகிறது. உன் நினைவாகக் கடிதம் எழுதும்படி வாரப் பத்திரிகை வாசகர்களைக் கேட்டிருக்கிறது. என்னைவிடக் கவனமாக உன்னைப் படித்தவன் யார்?

உன் சுயசரிதையில் ஊரே அழுத இடம், பக்கவாதத்தில் விழுந்த அப்பாவை நீ முதுகில் சுமந்து கிரிவலம் வந்ததுதான். அந்த விடியற்காலையில் நீ மெட்ராஸில் இருந்தாய். சுமந்தவன் நான்.

பாதி வழியில், அடி அண்ணாமலையில் இறக்கி வைத்தபோது அப்பா, "வலிக்குதாடா?" என்று குழறினார். "பேசாம வாங்க, உசுர வாங்காதீங்க" என்று சீறினேன். ஒன்றையும் மறைக்காமல் உனக்கு இன்லண்ட் கடிதத்தில் எழுதினேன். நீ புத்தகத்தில் கேள்வியை எடுத்துக்கொண்டு பதிலை மாற்றினாய்: "நீங்க என்னைத் தூக்கலையாப்பா?" நல்ல பதில்தான். எனக்கு அப்போது தோன்றவில்லை.

பிறகு அது படமானது. 'உண்மைக் கதை' என்று போஸ்டரிலேயே போட்டார்கள். அதில் தம்பி, அம்மாவின் மூக்குத்தியை விற்றுச் சீட்டாடுகிறவன். போகட்டும். ஆனால் வெயில் சரியாக விழவில்லை என்று டைரக்டர் நடிகரை எதிர்த்திசையில் நடக்கவிட்டாரே, அப்போது நீ குடைக்கடியில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தாய். மலை வலப்பக்கம் இருக்கவேண்டும் என்பது இந்த ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். உனக்குத் தெரியவில்லை. சுமந்திருந்தால் கால் சொல்லியிருக்கும்.

தியேட்டரில் அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். "ஐயோ, பெரியவன் எடமா சுத்திக்கினு போறானே! அதான்டா உங்கப்பா தேறல!" தன் பழைய புடவையால் அப்பாவை என் முதுகில் கட்டிவிட்டவளே அவள்தான். அது எப்போதோ அவளுக்கு மறந்துபோயிருந்தது. படம் அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

தீபத்துக்கு நீ வந்தபோது, சாப்பாட்டு நேரத்தில் கேட்டாள்: "ஏன்டா அப்படி சுத்தின? ஒரு வார்த்த என்னாண்ட கேட்டிருக்கக் கூடாதா?" நீ என்னைப் பார்த்தாய். 'நான் சுமக்கலம்மா' என்று சொல்லியிருந்தால் தீர்ந்தது. "தெரியாம பண்ணிட்டேம்மா" என்றாய். நான் உன் இலையில் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினேன்.

உன் உடல் வந்தபோது அவள் வாசலைத் தாண்டவில்லை. "அப்பன முழுங்கின பாவம், சும்மா வுடுமா?" என்றாள். இன்றுவரை உன் படத்துக்கு விளக்கேற்றவில்லை. அது அங்கே உனக்குத் தெரிகிறதா அண்ணா?

என் பெயரைப் போட்டால் பக்கத்து வீட்டு டீச்சர் இதை அவளுக்குப் படித்துக்காட்டிவிடுவாள். சுமந்தவன் நான் என்பது அம்மாவுக்குத் தெரியவரும். நான் கேட்பது அவ்வளவுதான். ஆனால் நீ அப்பாவைக் கொன்றவன் இல்லை, வெறும் பொய்யன் என்பதும் தெரிந்துவிடும். பொய்யனான பிள்ளையை அம்மா சாயங்காலத்துக்குள் மன்னித்துவிடுவாள். விளக்கும் எரியும்.

இரண்டு நாள் பேனாவைப் பிடித்தபடி யோசித்தேன். உன் பெயரை எழுதவில்லை, படத்தின் பெயரையும் எழுதவில்லை. என் பெயரும் வேண்டாம். அவள் உயிரோடு இருக்கும்வரை சொல்லமாட்டேன், இது சத்தியம். கையெழுத்தில்லாமலே தபாலில் போடுகிறேன்.

இப்படிக்கு,
வலிக்குதா என்று நீ ஒருநாளும் கேட்காத
உன் தம்பி