பேய்க்குப் பேர் வைக்கிறவ

ஆவணி 3, வெள்ளி

வெயில். ஆவணியாம் ஆவணி, ஒரு பொட்டு மழையைக் காணோம். விடிஞ்சதுல இருந்து தறிச் சத்தம். உளுந்து ஊற வைக்கணும். குத்துவிளக்குத் தேய்க்கணும்.

தபால்காரர் புதுசு. "இது எந்த வாத்தியார் வீடும்மா, பேரு என்ன?"ன்னு கேக்குறாரு. கட்டுனவர் பேரை நான் எப்படிச் சொல்ல? முழிச்சுக்கிட்டு நின்னேன். அடுத்த வீட்டு ராக்கு அக்கா தறியை விட்டு எந்திரிச்சு வந்து சொல்லிச்சு. அப்புறம் ஒரே சிரிப்பு. "ஊருல உள்ள பேய்க்கெல்லாம் பேரு வைக்கிறவ, புருஷன் பேரைக் கேட்டா ஊமையாயிர்றாளே!"

இவர் பசுமலையில வாத்தியார். லீவு நாள்ல பேய்க்கதை எழுதுவாரு. டவுன்ல ஒரு பிரஸ்காரர் மாசத்துக்கு ஒண்ணு அடிச்சு விக்கிறாரு. கதை பூரா இவரு. பேயோட பேரு மட்டும் நான். அட்டையில யார் பேருன்னு கேக்கவே வேணாம்.

கல்யாணம் ஆன புதுசுல இவர் வச்ச பேருக: ரத்தவக்ரன், கோரதந்தன், பயங்கராட்சசி. அடுப்படியில உக்காந்து வயிறு வலிக்கச் சிரிச்சேன். மூஞ்சி சுருங்கிருச்சு. "அப்ப நீ வையி பாப்போம்." வச்சேன். தீயில செத்தவளுக்கு வெந்தாயி. ராக்கு அக்கா அதைக் கேட்டுட்டு ரொம்ப நாள் தனியாக் கொல்லைக்குப் போகலை.

இந்த மாசம் கிணத்துப் பேய். ஆனா பேரு கேக்கவே இல்லை. என்னன்னு கேட்டா, "நானே வச்சுட்டேன்"ங்கிறாரு. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. சரி, தேறிட்டாருன்னு சந்தோசப்பட வேண்டியதுதான்.

ஆவணி 4, சனி

எங்க ஊரு கல்லுப்பட்டி பஸ் டிரைவர் வந்து சொல்லிட்டுப் போனாரு. அடுத்த ஞாயிறு ஆத்தா வருதாம். கோயில்ல மீனாட்சி அம்மனைப் பாக்கணுமாம், என்னையும் பாக்கணுமாம். என்னை ரெண்டாவதா!

வாங்க: வெத்தலை, கொட்டைப்பாக்கு, கருப்பட்டி, ஆத்தாவுக்கு மொச்சை. கிழிஞ்ச பாயைத் தைக்கணும்.

கிணத்துப் பேய்க்கு என்ன பேருன்னு மறுபடியும் கேட்டேன். "புத்தகம் வரட்டும், பாரு." சொல்லும்போது என் மூஞ்சியைப் பாக்கலை. பழைய வேட்டி எங்கன்னு தேடிக்கிட்டுப் போயிட்டாரு.

பேரு வைக்கிறதுல எம்புட்டு இருக்கு! இவருக்குப் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கேன். சாமி பேரு ஒட்டக்கூடாது, தெருவுக்கு நாலு முனியாண்டி இருக்கான், சண்டைக்கு வந்துருவான். பல்லை நறநறங்கிற பேரு வேணாம், சிரிப்புதான் வரும். பெத்தவ ஆசையாக் கூப்பிட்ட பேரா இருக்கணும். பேயும் ஒரு காலத்துல எவளோ பெத்த புள்ளைதான? அப்புறம் முக்கியமானது, இழுக்க வரணும். வாசல்ல நின்னு, விளையாடப் போன புள்ளைய சோத்துக்குக் கூப்பிடுற மாதிரி இழுத்துப் பாக்கணும். முதுகு சிலிர்த்துச்சுன்னா அதுதான் பேரு.

ஆவணி 6, திங்கள்

எழுத்து கோணல்.

காலையில குழாயடியில நிக்கிறேன். தெருப் புள்ளைக புதுசா ஒரு விளையாட்டு. ஒருத்தி கண்ணைக் கட்டிக்கிட்டு வாரா, மத்ததுக ஓடுதுக. "பிஞ்சாயி வாரா! பிஞ்சாயி வாரா! ஓடு!"

குடம் கையை விட்டு விழுந்துருச்சு. நசுங்கிப் போச்சு.

பிஞ்சாயி என் தங்கச்சி. மாசம் நிறையாமப் பொறந்தவ, கைக்குள்ள அடங்குற பிஞ்சுன்னு அப்பா வச்ச பேரு. வீட்டுப் பேரு. ரெக்கார்டுல எல்லாம் வேற பேரு. இந்த ஊருல எவருக்கும் தெரியாது.

ராக்கு அக்கா வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போயி தண்ணி குடுத்துச்சு. அங்க கிடக்கு புத்தகம். எனக்கு முந்தி ஊருக்கே வந்துருச்சு. நின்னுக்கிட்டே படிச்சேன். கிணறு எங்க கிணறு. பக்கத்துல மஞ்சணத்தி மரம். மரத்துல தொங்குற சிவப்புத் தாவணி. எல்லாம் நான் சொன்னது. கல்யாணம் ஆன முதல் வருசம், ஒரு மழை நாள், ரெண்டு பேரும் வறுத்த கடலை தின்னுக்கிட்டு இருந்தப்ப அழுது சொன்னது. அன்னைக்கு என் தலையைத் தடவிக் குடுத்தாரு. தடவிக்கிட்டே மனசுல குறிச்சு வச்சிருக்காரு மனுசன்!

சாயங்காலம் கேட்டேன். சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டிக்கிட்டே சொல்றாரு: "நீதான சொன்ன, பெத்தவ கூப்பிட்ட பேரா இருக்கணும்னு? இதை விட நல்ல பேரு எங்க கிடைக்கும்?"

"அது எந்தங்கச்சிங்க."

"செத்துப் போனவதான. யாருக்குத் தெரியப் போகுது?"

சோறு போட்டேன். ஏன் போட்டேன்னு தெரியலை. பழக்கம்.

ஆவணி 7, செவ்வாய்

நேத்து எழுத முடியாததை எழுதிர்றேன்.

தங்கச்சி கிணத்துல விழுந்து செத்தா. வழுக்குனாளா, குதிச்சாளா, இன்னைக்கு வரைக்கும் தெரியாது. ஊரு உடனே பேய்ன்னுச்சு. தண்ணிக்குப் போற பொம்பளைக அந்தக் கிணத்தை விட்டுச் சுத்திப் போனாளுக. பேயோட்டுற கோடாங்கியைக் கூட்டியாந்து புளியமரத்துல ஆணி அடிச்சு அவளை அடக்கணும்னாங்க. ஆத்தா நடுத்தெருவுல உக்காந்து மண்ணை வாரித் தூத்துச்சு. "எம்மகளைப் பேயின்னவன் வாயி புழுத்துப் போகும்." அதுக்கு மேல எவனும் பேசலை. வீட்டுல அன்னையில இருந்து அந்தப் பேரைச் சொல்றதில்லை. 'உந்தங்கச்சி'ன்னுதான் ஆத்தா சொல்லும்.

ஊர் வாயை அடைச்சுச்சு ஆத்தா. நான் கட்டுன ஆளு அச்சடிச்சுட்டாரு.

ஞாயித்துக்கிழமை ஆத்தா வரும். இந்தத் தெருவுல.

ஆவணி 9, வியாழன்

புள்ளைகளைக் கூப்பிட்டுப் பொரிகடலை குடுத்தேன். "வேற பேரு வச்சு விளையாடுங்கடா, வெந்தாயின்னு விளையாடுங்க." சரின்னுதுக. தின்னு முடிச்சதும் முன்னைக்கு ரெண்டு பங்கு சத்தம். எவனோ என்னைப் பாத்தே கத்துறான்.

பஸ் டிரைவர்கிட்ட சொல்லி விட்டேன்: வீட்டுல வெள்ளையடிக்கிறோம், அடுத்த மாசம் வரச் சொல்லுங்க.

இவர் ரொம்ப குஷி. புத்தகம் பறக்குதாம். விசில் வேற.

இவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டேன். பிரஸ்ல சொல்லி மிச்சப் புத்தகத்தை நிறுத்துங்கன்னு. "பைத்தியமா உனக்கு?"ன்னாரு. ஆமா, பைத்தியம்தான். இல்லாட்டி உங்ககிட்ட வந்து அழுதிருப்பேனா?

ஆவணி 12, ஞாயிறு

ஆத்தா வந்துருச்சு. வெள்ளையடிக்கக் கூடமாட ஒத்தாசை செய்யலாம்னு வந்துச்சாம்! பொய்க்குக் கிடைச்ச கூலி.

மொச்சைக் குழம்பு, கத்திரிக்காய், அப்பளம். இலை போடப் போறேன். வெளியில ஒரு சின்னப் புள்ளை, யாரு பெத்ததோ, நல்லா இழுத்து: "பிஞ்சாயீ... ஏ பிஞ்சாயீ..."

ஆத்தா எந்திரிச்சுருச்சு. காலு மரத்துப் போன கிழவி, சுவத்தைக் கூடப் பிடிக்கலை. வாசலுக்கு ஓடுச்சு. "என்னத்தா, இந்தா வந்துட்டேன்"னு சொல்லிக்கிட்டே ஓடுச்சு. நான் இலையும் கையுமா நிக்கிறேன்.

புள்ளைக ஆத்தாவைப் பாத்துட்டு, "ஐயோ பேயி!"ன்னு சிதறி ஓடிருச்சுக.

"யாருடி பேயி?"ன்னு ஆத்தா என்னைக் கேட்டுச்சு. ஓடாம நின்ன ஒரு பொடிப் பொண்ணு பெருமையாச் சொல்றா: "கிணத்துல விழுந்து பேயாப் போனவ ஆத்தா. வாத்தியார் எழுதிருக்காரு."

இவர் உள்ளதான் உக்காந்திருந்தாரு. ஆத்தா மருமகன் மூஞ்சிக்கு நேரா நின்னு பேசுனதே கிடையாது, கதவுக்கு அந்தப் பக்கம் நின்னுதான் பேசும். இன்னைக்கும் அப்படித்தான். கதவைப் பிடிச்சுக்கிட்டு, என்னைப் பாத்து: "மாப்ளைகிட்ட கேட்டுச் சொல்லு. எம்புள்ளை அவருக்கு என்ன கெடுதல் செஞ்சாள்னு கேட்டுச் சொல்லு."

இவர் தொண்டையைச் செருமுனாரு.

ஆத்தா வாசல்ல குனிஞ்சுச்சு. மண்ணை வாரப் போகுதுன்னு நெனச்சேன். கை மண்ணு வரைக்கும் போச்சு. என்னை நிமிர்ந்து பாத்துச்சு. நான் வாழுற வீடாச்சே. விரலை மடக்கிக்கிருச்சு. தூக்குப்பையை மட்டும் எடுத்துக்கிருச்சு.

கை நனைக்காமப் போயிருச்சு. மீனாட்சியையும் பாக்கலை. பஸ் வரைக்கும் பின்னாலயே போனேன். "உங்கிட்ட யாரு கேட்டா அந்தப் பேரை?"ன்னு ஒரே ஒரு தடவை கேட்டுச்சு. யாரும் கேக்கலை ஆத்தா. நானாத்தான் சொன்னேன். புருஷன்னு நம்பிச் சொன்னேன்.

குழம்பை ராக்கு அக்கா வீட்டுக்குக் குடுத்துட்டேன். இவருக்கு வேற ரசம் வச்சேன்.

ஆவணி 13, திங்கள்

அழுக்குத்துணி. அரிசி புடைக்கணும். பேச்சு இல்லை.

ஆவணி 14, செவ்வாய்

மேகம் கட்டியிருக்கு. வரட்டி நனையாம எடுத்து வச்சேன்.

பிரஸ்காரர் வந்திருந்தாரு, பென்சிலும் கையுமா. அடுத்த கதைக்கு இன்னைக்கே விளம்பரம் போடணுமாம், பேரு மட்டும் வேணுமாம். தெருக்கதவு திறந்து கிடக்கு. ராக்கு அக்கா வாசல்ல நூல் சுத்திக்கிட்டு இருக்கு. புள்ளைக சுத்தி நிக்குதுக.

இவருக்கு என்ன தோணுச்சோ, சமாதானம்னு நெனச்சாரோ என்னமோ, பெருமையாச் சொன்னாரு: "பேரெல்லாம் நம்ம வீட்டுலதான். ஏய், இங்க வா. ஆம்பளைப் பேயி. பகல்ல நல்லவன், கூடவே இருப்பான், தலையைத் தடவுவான், சந்தேகமே வராது. ஒரு பேரு சொல்லு."

சேலையில கையைத் துடைச்சுக்கிட்டு நிலைப்படியில வந்து நின்னேன்.

"தங்கராசு"ன்னேன்.

பிரஸ்காரர் ரெண்டெழுத்து எழுதிட்டு நிறுத்திட்டாரு. ராக்கு அக்கா கையில இருந்த நூல் கீழ விழுந்துச்சு. கட்டி வந்த எட்டு வருசத்துல என் வாயில வராத பேரு. இவர் மூஞ்சி செத்துப் போச்சு. "என்னடி சொன்ன?"

சாமி பேரு ஒட்டலை. பல்லைக் கடிக்கலை. பெத்தவ ஆசையா வச்ச பேரு.

தெருவைப் பாத்துத் திரும்பி, சோத்துக்குக் கூப்பிடுற மாதிரி இன்னொரு தடவை கூப்பிட்டுப் பாத்தேன். நல்லா இழுக்க வருது.