ரூட்டருக்கு வைத்த பாடு

கோட்டைக்குப்பம்

அண்ணன் ரஞ்சித்குமாருக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், நம் வீட்டு வைஃபையின் பெயர் 'தருமலிங்கம் துறைமுகம்' என்று மாற்றப்பட்டுள்ளது. பெயர் வைத்த விழாவுக்கு வந்தது நானும் ஒரு பல்லியும். நாங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், பஹ்ரைனில் நீயும் அப்படியே இரு என்று நைனா எழுதச் சொன்னார். சொல்வது அவர், கை மட்டும் உன் தம்பி லோகேஷுடையது. அவர் சொன்னதில் கெட்ட வார்த்தைகளை ஏரியிலேயே விட்டுவிட்டேன்.

நீ பேசி நாற்பது நாள் ஆகிறதாம். தினமும் ராத்திரி ஏழு மணிக்குக் கை கழுவிவிட்டுப் போனை மடியில் வைத்து உட்காருகிறார், திரையில் வட்டம் சுற்றி நின்றுவிடுகிறது, மூஞ்சியக் காட்டாதவனுக்கு இன்னாத்துக்குடா இந்த போனுன்னு கேட்கிறார், அவனுக்குன்னு ஒரு வேலை வந்ததும் நம்ம மேல மீன் நாத்தம் அடிக்குதுபோலன்னும் சொன்னார். அடுத்த மாத அமாவாசைக் கூட்டத்தில் ஏரியில் யார் எந்த நாள் எங்கே வலை போடுவது என்று பாடு பிரிக்கச் சீட்டு எழுதும்போது உன் பெயரை எடுத்துவிடச் சொல்லப்போகிறாராம். எடுத்துவிட்டால் நீ திரும்பி வந்தாலும் கரையில் நின்று வேடிக்கைதான். அம்மா கெஞ்சியதற்கு, எனக்கு ஒரே புள்ளைன்னு நெனச்சிக்கிறேன்னுட்டார். வெயிலில் தலைக்குத் துணி கட்டச் சொல்லு என்றார், உடனே அதை அடித்துவிடு என்றார். நான் அடிக்கவில்லை. எங்கேயோ நல்லா இருக்கட்டும் என்று முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வலைக்குப் போயிருக்கிறார்.

இப்படிக்கு,
நைனா தருமலிங்கம்

அண்ணா, இனி எழுதுவது நான். இந்தத் தெருவில் ரூட்டர் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஏரிக்குக் கடலோடு சேரும் முகத்துவாரம் எப்படியோ, வீட்டுக்கு ரூட்டர் அப்படி, எது வந்தாலும் போனாலும் அதன் வழியேதான். ஐ.பி. முகவரி என்பது படகு நம்பர் மாதிரி, எந்தப் போனுக்கு எது போக வேண்டும் என்று அதை வைத்துத்தான் தெரியும். எந்தப் போன் எத்தனை மணிக்கு உள்ளே வரலாம் என்றும் அதில் நேரம் குறிக்கலாம். பக்கத்து வீட்டு ஸ்டீபன் மாமாவும் எதிர்வீட்டு ஜமுனா அக்காவும் நம் லைனையே பிடித்து இழுத்ததால் நைனா போனையும் சேர்த்து மூன்று போனுக்கும் ஏரியில் மாதிரியே சீட்டுக் குலுக்கிப் பாடு வைத்தேன். இன்னாடா, பஞ்சாயத்துத் தலைவரான்னு மாமா கேட்டார், ஆமாம் என்றேன்.

நைனா போனுக்கு விழுந்தது காலை ஆறிலிருந்து ஒன்பது. அந்த நேரம் போன் அவரோடு ஏரியில் இருக்கும், வைஃபை அங்கே எட்டாது. நீ கூப்பிடும் ராத்திரி ஏழு மணி ஜமுனா அக்காவின் பாடு. இரண்டாவது வாரமே எனக்குப் புரிந்துவிட்டது. மாற்றலாமென்று போனால் ரூட்டருக்கு நான் வைத்த பாஸ்வேர்டு எனக்கே மறந்துவிட்டது. ஏன்டா வரலைன்னு நைனா கேட்டபோது, அண்ணன் அந்தப் பக்கம் ஆஃப் பண்ணி வெச்சிருக்குன்னு சொல்லிவிட்டேன். நேற்று ஊசியால் ரீசெட் ஓட்டையைக் குத்தினேன், துறைமுகம் என்ற பெயர் உட்பட எல்லாம் அழிந்து சிவப்பு விளக்கு மட்டும் நிற்கிறது. லைன் உன் பெயரில் இருப்பதால் மறுபடி இணைக்க வேண்டிய யூசர் நேமை நெட் கம்பெனியில் உன்னிடம்தான் சொல்வார்களாம். இதைப் பார்த்ததும் காசு போனாலும் பரவாயில்லை, நைனா நம்பருக்குச் சாதாரண கால் போடு, அமாவாசைக்கு முன்னால். நைனாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அடிக்க உன் கை இங்கே எட்டாது, அதனால்தான் உனக்கு முதலில் எழுதுகிறேன்.

லோகேஷ்