உன் பெயரில் விக்ரமன் போட்ட சீட்டு

சிவமயம்

கொட்டாஞ்சேனை,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் வித்யாலட்சுமிக்கு அம்மா எழுதுவது. இங்கே எங்கள் உடம்பு எங்களோடு மல்லுக்கட்டினாலும் நானும் அப்பாவும் சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு சுகமாயிருக்க அம்மன் துணை நிற்கட்டும். போனில் சொல்லலாம்தான், ஆனால் அப்பா பக்கத்திலிருந்து காது கொடுப்பார், பிறகு அவருக்குப் பிறஷர் ஏறும், அந்த மனுஷனைச் சமாளிக்க என்னால் ஏலாது. அதனால்தான் எழுதுகிறேன். மழை விட்டபாடில்லை, பின்பக்கத்துச் சுவர் ஊறிப்போய்ப் பெயிண்ட் தோல் தோலாக உரிகிறது, முறுக்குச் சுட்டு வைத்ததெல்லாம் நமுத்துப் போயிற்று. அது கிடக்கட்டும், உன் மாமன் செய்த கூத்தைக் கேள்.

உன் வரிச் சங்கதி, உன்னைப்போல லண்டனில் இருக்கும் அவன் மகன் றமேஷ் மூலம் இங்கே வந்து சேர்ந்துவிட்டது. வந்து சேர்ந்தது எப்படி என்கிறாய், தலையும் இல்லாமல் காலும் இல்லாமல்! நீ வரி முழுவதையும் நிறுத்தவில்லை, படைக்கும் குண்டுக்கும் போகிற பங்கை மட்டும்தான் நிறுத்தினாய், அதையும் ஆஸ்பத்திரிக்கென்றால் இன்றைக்கே தருகிறேன், ஆளைக் கொல்லத் தரமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டு வரிக் கந்தோருக்கே எழுதினாய். இது எனக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும். ஆனால் நம் சனத்துக்கு, ஒருத்தி கையில் காசை வைத்துக்கொண்டு மனச்சாட்சிக்காகக் கட்டாமல் இருப்பாள் என்பது மண்டைக்குள் இறங்கவே இல்லை. கட்டவில்லையா, அப்படியென்றால் கையில் இல்லை, அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. பல் டொக்டரான உனக்குச் சல்லி முட்டாம், கையில் காசே இல்லையாம்! பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, பிள்ளை யாரையும் நம்பி ஏமாந்து போச்சுதோ என்று என் காதுக்குள் கேட்கிறாள். நான் சொதியை ஊற்றிவிட்டுச் சட்டியைக் கழுவிக் கையில் கொடுத்தேன்.

இதில் உன் மாமன் விக்ரமன்தான் பெரிய தர்மவான். போன ஞாயிறு புறக்கோட்டைக் கடையின் மேல்மாடியில் பாய் விரித்து, சொந்தக்காரர் தெரிந்தவர் எல்லாரையும் கூட்டி, உன் பெயரில் சீட்டுப் போட்டான். முதல் சீட்டு உனக்காம், அதை றமேஷ் அங்கே உன் வரிக்கு நேரே கட்டிவிடுவானாம், பிறகு நானும் அப்பாவும் மாதாமாதம் கட்டித் தீர்க்க வேண்டுமாம். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டானா? இல்லை. கோர்ட் ஆட்கள் வந்து உன் கிளினிக் சாமானை ஜப்தி பண்ணினால் றமேஷின் கல்யாணப் பேச்சுக் குழம்பிவிடும், அதுதான் அவனுடைய இரக்கம். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம்.

அவனுக்குக் குறையாயிருந்தது ஒன்றே ஒன்று, அந்த வரிக் கடிதத்தில் இருக்கிற உன்னுடைய இலக்கம். அது இல்லாமல் யாரும் உன் பெயரில் கட்ட முடியாதாம். நீ எனக்குப் படம் எடுத்து அனுப்பியிருந்தாயே, அதை எத்தனையாவது முறையோ கேட்கிறான். அக்கா, அரசாங்கத்தோட மோதக் கூடாது, சட்டம் எண்டா சட்டம், நீங்க நம்பரைத் தாங்க, மற்றதை நான் பார்க்கிறன் என்று சபை நடுவில் நின்று பிரசங்கம். சட்டத்தைப் பற்றிப் பேசுகிறவனைப் பார்! ஒரே கடைக்கு இரண்டு கணக்கு எழுதி, இறைவரி ஆள் வந்தால் ஐயே ஐயே என்று சிங்களத்தில் குழைந்து சாரிப் பார்சலோடு அனுப்பிவைக்கிறவன். அவன் ஒளித்துக் கட்டாமல் விட்டால் கெட்டிக்காரன், நீ சொல்லிவிட்டுக் கட்டாமல் விட்டால் பைத்தியக்காரி. இதுதான் நம் சனத்தின் நியாயம், தூ. வன்னிச் சண்டை முடிந்த அன்று சந்தியில் வெடி கொளுத்திப் பாற்சோறு கொடுக்கவும் அவன்தான் சல்லி கொடுத்தான், அந்தக் கிழமையே கோயிலில் செத்தவர்களுக்காக ஆத்மசாந்திப் பூசைக்கும் அவன்தான் கொடுத்தான். நீ அன்றைக்குப் பள்ளிக்கூட உடுப்போடு நின்று பாற்சோற்றைத் தொடமாட்டேன் என்றாயே, எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. தம்பியுடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள், என் தம்பி படைக்குச் சல்லி சேர்க்கிறான்.

நம்பர் தரமாட்டேன் என்றேன். பெற்ற மகளைத் தெருவில் விடுகிறவளைப் பார்ப்பதுபோலக் கூட்டம் முழுக்க என்னைப் பார்த்தது. அப்போது கதவடியில் இருந்த இராமலெட்சுமியைக் கண்டேன். நம் ஒழுங்கையில் இடியப்பம் அவித்து விற்கிற இராமலெட்சுமிதான், சின்னதில் உனக்குத் தலைவாரிப் பின்னிவிட்டவள். அவளும் சீட்டில் சேர்ந்து பாயில் காசு வைத்திருந்தாள். மகள், அவளுடைய மகன் சுமன் வன்னிக்கு அரிசி லொறியில் கிளீனராகப் போய் ஷெல் பட்டுத் திரும்பி வராதவன். அவளிடம்கூட இந்தத் தர்மவான் உனக்குக் கஷ்டம், உதவி வேண்டும் என்றுதான் சொல்லி வாங்கியிருக்கிறான். எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னேன், வித்யாவிடம் சல்லி இருக்கிறது, இந்தச் சல்லி அவளுக்குப் போகாது, அவள் எந்தக் குண்டுக்குத் தரமாட்டேன் என்றாளோ அந்தக் குண்டுக்குத்தான் போகும் என்று.

இராமலெட்சுமி எழும்பி வந்து விக்ரமனிடம் கேட்டாள், அம்மா சொல்றது மெய்யா தம்பி என்று. அவன், அதெல்லாம் அந்த நாட்டு அரசாங்கம் பார்த்துக்கொள்ளும், நமக்கென்ன என்றான். அவள் கையை நீட்டி, அப்ப என்ட சல்லியத் தாங்க என்றாள். சத்தம் போடவில்லை. வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு இன்னொருத்தி எழும்பினாள், பிறகு எல்லாரும். பாய்தான் மிச்சம், அதை விக்ரமன் தானே சுருட்டினான். இரண்டு கிழமைக்கு என்னோடு பேசமாட்டான், அந்த மட்டில் காது குளிர இருக்கலாம்.

இனி உனக்கு. நீயும் லேசுப்பட்டவள் இல்லை, பிடித்தால் பிடி, சாப்பாட்டை மட்டும் விடுவாய், அதைச் செய்யாதே. கோர்ட் ஆட்கள் வந்தால் வாய் காட்டாதே, அவர்கள் சம்பளத்துக்கு வருகிறவர்கள், தேத்தண்ணி கொடு. நோயாளியை உட்கார வைக்கும் அந்தப் பெரிய நாற்காலியைத் தூக்கினால் தூக்கட்டும், ஆனால் எதை எடுத்தாலும் ரசீது வாங்கு, நாம் வியாபாரிகள் வீட்டுப் பிள்ளைகள்.

அன்றைக்குப் பஸ்ஸில் வரும்போது இராமலெட்சுமி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பிள்ளைக்குப் பயமா இருந்தா கட்டச் சொல்லுங்கம்மா, நான் ஒண்டும் நினைக்கமாட்டேன், பயமில்லாட்டி எங்க சுமனுக்காகவும் கட்ட வேணாமெண்டு சொல்லுங்க என்றாள். இதற்குப் பதிலை எனக்கு எழுதாதே, அவளுக்கு எழுது. தமிழில் எழுது, பெரிய எழுத்தாக, அவளுக்குக் கண் மங்கல்.

எனக்கு என்றால் பயம்தான் மகள். இரவில் நித்திரை இல்லை. ஆனாலும் நம்பரை நான் கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன்.

அம்மன் உன்னைக் காப்பாள். காதை மூடு, கஞ்சியாவது குடி.

உன்னைப் பெற்றவள்,
மு. பெத்தாள்