சார்ஜ் எடுக்க வந்தவர்

ஐப்பசி 4, திங்கள்
விடிந்ததிலிருந்து தூறல். தோல் பதனிடும் ஆவாரம்பட்டை நனையாமல் மூடச் சொன்னேன். தோல் ஷாப்புக்குப் புது சூப்பர்வைசர். மெட்ராஸ்காரர், பெயர் ராஜரத்தினம், முதலாளியின் சகலை மகன். வந்ததும் வராததுமாக, "இன்னிலேர்ந்து ஷாப்பு என் சார்ஜ்." என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. மேஸ்திரியான எனக்கு வரவேண்டிய வேலை. முதலாளியே வாக்குக் கொடுத்தது. வயிறு எரிகிறது.

செவ்வாய்
மழை இல்லை. பட்டைக்குச் சொல்ல வாலாஜாபேட்டை போனேன். பஸ்ஸில் சார்ஜ் ஏற்றிவிட்டான். சந்தையில் ஒரு கான்ஸ்டபிள் கூடைக்காரியை மிரட்டுகிறான், சார்ஜ் பண்ணிவிடுவானாம். தபாலாபீசில் பழைய போஸ்ட்மாஸ்டர் சார்ஜ் கொடுத்துவிட்டுப் போகிறார், அதற்கு மாலை, பன்னீர். எங்கே திரும்பினாலும் இந்தச் சனியன் பிடித்த சொல். வீட்டில் சொன்னால் மனைவி சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.
வாங்க: விளக்கெண்ணெய், தீப்பெட்டி, மை.

புதன்
வெயில். ராஜரத்தினம் (இனி ரா. போதும்) சாவிக்கொத்தும் சார்ஜ் எடுத்தாயிற்று, என் நாற்காலியும்.
சுண்ணாம்பிலிருந்து எடுத்த தோலை முதலில் பழைய, நீர்த்த பட்டைத் தண்ணீரில்தான் போடுவோம். பிறகுதான் புதுத் தண்ணீர். நேரே புதுசில் போட்டால் மேல்பக்கம் இறுகிச் சுருங்கிப்போகும். ரா.வுக்கு அவசரம். எல்லாவற்றையும் புதுத் தண்ணீர்க் குழியிலேயே போடச் சொன்னார். குழியில் நின்றது சின்னப்பன், என் தங்கை மேரியின் புருஷன். தயங்கி என் முகத்தைப் பார்த்தான். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ரா. மூக்கு உடையட்டும் என்று இருந்தேன். ஒரே குஷி. மத்தியானம் கடை பிரியாணி.

சனி
தோல் அத்தனையும் சுருக்கம், சொரசொரப்பு. முதலாளி வந்து கத்தினார். ரா. முகம் மாறவில்லை.
"குழி சின்னப்பன் சார்ஜுங்க. அவனுக்குத் தெரியாதா இன்னா?"
சின்னப்பன் சூப்பர்வைசர்தான் போடச் சொன்னார் என்றான். யாரும் காதில் வாங்கவில்லை. முதலாளி என்னைக் கேட்டார், நீ பக்கத்தில் இல்லையா என்று. இருந்தேன் என்றால் ஏன் தடுக்கவில்லை என்பார், என் வேலையும் போகும். பட்டைக் கொட்டகையில் இருந்தேன் என்றேன். சின்னப்பனை நிறுத்திவிட்டார்கள். ரா. என் நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்தார்.

ஞாயிறு
மறுபடி மழை. கோயிலுக்குப் போகவில்லை, அங்கே சின்னப்பன் வருவான். மேரி வீட்டுக்கே வந்துவிட்டாள். நனைந்திருந்தாள், உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.
"அவரு உன்னிய எதுவும் சொல்ல வேணான்னாரு. நான்தான் வந்தேன். நீ அங்க இல்லியா அண்ணா? அத மட்டும் சொல்லு."
கொட்டகையில் இருந்தேன் என்றேன்.