ஆடிக்கும் சஃபருக்கும் நடுவில் ஒரு வீடு

2.8.1987, ஞாயிறு

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்கு எதிரே பூட்டு, குடை, டார்ச்லைட் விற்கும் தஸ்தகீர் ஆகிய நான் இன்று ஒரு வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன். செய்தி கேட்டுக் கல்வராயன் மலையே ஓரடி பின்வாங்கி நின்றது. கச்சிராயபாளையம் சாலையில் அப்போது நின்றிருந்தவர்கள் சாட்சி.

பதினைந்து வருடமாக ஊருக்கெல்லாம் பூட்டு விற்கிறேன். பூட்டுவதற்குச் சொந்தமாக ஒரு கதவு கிடையாது. தங்கை மெகருன்னிசா புருஷனை இழந்து, மகள் பாயிஸாவை இடுப்பில் சுமந்துகொண்டு என்னிடம் வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. அதற்குள் ஆறு வாடகை வீடு. இப்போதைய வீட்டுக்காரருக்கு மகன் கல்யாணம். அக்டோபர் முடிவதற்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். மெகருன்னிசா அழவில்லை, கத்தவில்லை. பரணிலிருந்த டிரங்குப் பெட்டிகளை இறக்கித் தூசி தட்டினாள். அந்தத் தட்டல் என் காதில் இடி மாதிரி விழுந்தது.

வீடு ராஜாம்பாளுடையது. புருஷன் இவள் பேரிலேயே கட்டி வைத்துவிட்டுப் போன ஓட்டு வீடு. இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் கிணறு. விற்றுவிட்டு ரிஷிவந்தியத்தில் மகள் அருள்மொழியோடு போய் இருக்கப்போகிறாளாம். வெற்றிலைத் தட்டில் முன்பணத்தை வைத்துக் கொடுத்தோம்.

"ஆடியில கையெழுத்து போடமாட்டேன் பாய். ஆவணி பொறக்கட்டும். வூடு உங்களுதுதான். எனக்கு வாயி ஒண்ணு."

"உங்களுக்கு மட்டும் ஒம்பது வாயிண்ணே" என்று மெகருன்னிசா திரும்பும் வழியில் சொன்னாள்.

3.8.1987

டீக்கடையில் வாய் சும்மா இருக்கவில்லை. "அந்தக் கிணற்றுத் தண்ணீர் இருக்கிறதே, மலையிலிருந்து கரடி இறங்கி வந்து ஒரு மடக்கு குடித்து, சலாம் வைத்துவிட்டுப் போகும். இளநீரே அதைப் பார்த்து வெட்கப்படும்" என்றேன். பாதிப் பேர் சிரித்தார்கள், பாதிப் பேர் நம்பினார்கள். நல்ல கதைக்கு இதுதான் அளவு.

18.8.1987, செவ்வாய்

ஆவணி பிறந்துவிட்டது. பத்திரம் எழுதுபவரிடம் போனேன். வில்லங்கச் சான்று வர இருபது நாளாவது ஆகுமாம். சரி, செப்டம்பர் முதல் வாரம் என்றேன். மெகருன்னிசா குறுக்கே வந்தாள்.

"அண்ணே, முஹர்ரம் பத்து முடியாம வூட்டுப் பேச்சே வேணாம்."

ராஜாம்பாளிடம் போனேன். "ஆவணியோட முடிச்சிக்கோங்க பாய். புரட்டாசி பெருமாள் மாசம், நான் பேனாவத் தொடமாட்டேன்" என்றாள். திரும்பி வந்து இதைச் சொன்னால், "புரட்டாசிக்குப் போனா நடுவுலயே சஃபர் பொறந்துடும். அந்தப் பீட மாசத்துல யாராச்சும் வூடு வாங்குவாங்களா?" என்றாள் இவள்.

இரண்டு காலண்டரையும் பாய் மேல் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆடி அவர்களுக்கு ஆகாது. முஹர்ரம் பத்து நமக்கு ஆகாது. புரட்டாசி அவர்களுக்கு ஆகாது. சஃபர் நமக்கு ஆகாது. ஒரு ராஜாம்பாளும் ஒரு மெகருன்னிசாவும் சேர்ந்து வீடு கைமாற்ற, அல்லாவும் பெருமாளும் கலந்து பேசி ஒதுக்கியிருப்பது பத்தே நாள். செப்டம்பர் ஏழு முதல் பதினாறு வரை. பதினாறுக்குள் பத்திரம் முடியாவிட்டால் முன்பணம் திரும்பி வரும், வீடு அவர்கள் இஷ்டம். ஒப்பந்தத்திலும் இப்படியே எழுதிக்கொண்டோம்.

8.9.1987

நாசமாய்ப் போன வாய்!

சோடா கம்பெனி தங்கதுரை அந்த வீட்டை விலைக்குக் கேட்டிருக்கிறார். வீட்டை அல்ல, கிணற்றை. "கரடியே குடிக்கிற தண்ணியாம். அதுல கலர் போட்டா எப்படி இருக்கும்" என்று கடைத்தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். வீட்டை இடித்துவிட்டுப் பாட்டில் கழுவும் கொட்டகை போடுவாராம். நாங்கள் பேசியதைவிடக் கால் பங்கு அதிகம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

மெகருன்னிசாவிடம் சொன்னேன். தையல் மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தாள். நூல் தீர்ந்ததுகூடத் தெரியாமல் மிதித்தாள்.

9.9.1987

ராஜாம்பாள் வீட்டுக்கு ஓடினேன். வாசலிலேயே மகன் தமிழழகன். பஸ் நிலையத்தில் டயர் கடையில் வேலை, நல்ல பையன், ஆனால் கணக்குத் தெரிந்த பையன்.

"பதினாறு வரைக்கும் எங்கம்மா வாயி. பதினேழாந் தேதியிலேர்ந்து என் வாயி. அம்புட்டுதான் மாமா."

இவன் எதற்கு என்னை மாமா என்கிறான்? மாமா என்று கூப்பிட்டுவிட்டு வீட்டைப் பிடுங்குவது எந்த ஊர் நியாயம்?

ராஜாம்பாள் உள்ளேயிருந்து, "அருள்மொழிக்கு மாசம் நெறஞ்சிடுச்சு, நாளைக்கு ரிஷிவந்தியம் போறேன் பாய். பதினாறாந் தேதி மொத பஸ்ல வந்துடுறேன்" என்றாள்.

14.9.1987

வில்லங்கச் சான்று வந்துவிட்டது. வில்லங்கம் எதுவும் இல்லை என்று சர்க்கார் முத்திரை குத்தியிருக்கிறது. என்னைச் சர்க்காருக்குத் தெரியாது.

16.9.1987, புதன்

முதல் பஸ்ஸில் வரவில்லை. இரண்டாவதில் வரவில்லை. பன்னிரண்டு மணி பஸ் கண்டக்டர் சேதி கொண்டுவந்தார். அருள்மொழிக்கு வலி கண்டுவிட்டது, அம்மா நகர முடியாது.

பத்திரம் எழுதி, தேதி மட்டும் போடாமல் வைத்திருக்கிறது. மெகருன்னிசா பச்சைப் புடவை கட்டிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தாள். மாலை ஐந்து மணிக்கு அதை மாற்றிக்கொண்டாள்.

17.9.1987

மூன்றாவதாக ஒரு காலண்டர் இருப்பதை மறந்துவிட்டேன். இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் என்று சுவரெல்லாம் எழுதியிருந்ததை நானும் பார்த்தவன்தான். இன்று பஸ் இல்லை, லாரி இல்லை. மரங்களை வெட்டிச் சாலையில் போட்டிருக்கிறார்களாம். கடைத்தெரு மூடிக் கிடக்கிறது. கிடங்கில் நானூறு பூட்டு வைத்திருக்கிறேன். ஊரே பூட்டிய நாளில் ஒன்றுகூட விற்கவில்லை.

ரேடியோவில் மற்ற ஊர்ச் செய்திகளும் வந்தன. அவற்றை இங்கே எழுத மனம் வரவில்லை.

19.9.1987, சனி

இன்று நான் செய்தது எட்டுத் தலைமுறைக்குப் பேசப்படும்.

சைக்கிளில் ரிஷிவந்தியம் போனேன். மேப்பில் எத்தனை மைலோ, என் தொடைகளின் கணக்கில் டெல்லி வரை. தியாகதுருகம் தாண்டியதும் குறுக்கே ஒரு புளியமரம். கும்பல். சைக்கிளைத் திருப்பிவிடலாமா என்று பார்த்தேன். பொய் எதற்கு?

"எங்க பாய் கெளம்பிட்டீங்க?"

"வூடு வாங்க."

 சிரிப்பு கிளம்பியது. "ரோடே இல்ல, இவரு வூடு வாங்கப் போறாராம்டா!"

கும்பலுக்குள்ளிருந்து சின்னக்கண்ணு வந்தார். கரும்பு வெட்டும் ஆள், நம் கடை வாடிக்கை. "நம்ம பூட்டுக்கடை பாய்டா. இவரு குடுத்த பூட்டு சாவி போட்டா தொறக்காது, தட்டுனா தொறக்கும்."

"அது திருடனக் குழப்புறதுக்கு" என்றேன்.

அதற்கும் சிரித்தார்கள். சின்னக்கண்ணு சிரிப்பை நிறுத்திவிட்டு, "எம் பையன் பன்னெண்டாவது பாஸ் பண்ணிட்டு எங்கூடக் கரும்பு வெட்டிக்கினு இருக்கான் பாய். கேக்காம யாரு குடுப்பா, சொல்லுங்க" என்றார்.  நியாயம்தான் என்றேன். நாலு பேர் சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கி மரத்துக்கு அந்தப்பக்கம் இறக்கிவைத்தார்கள். இப்படி மூன்று மரம். மூன்றாவது மரத்தில் என்னையும் சேர்த்துத் தூக்கினார்கள்.

ராஜாம்பாள் மடியில் பேத்தி. பதினேழாம் தேதி காலையில் பிறந்திருக்கிறது. எனக்கு மோர் கொடுத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"சோடாக்காரரு ரோடு தொறந்ததும் காரு எடுத்துக்கினு வூட்டுக்கு வராராம். தமிழழகன் பஸ் நிக்கறதுக்கு முந்தியே சேதி அனுப்பிட்டான், அவருக்கே முடிச்சிடலாமாம். ஏன் பாய், ஒண்ணு கேக்கறேன். அந்தக் கெணத்துத் தண்ணிய நீங்க குடிச்சிருக்கீங்களா?"

யோசித்தேன். இல்லை.

"உப்புத் தண்ணி. அதுல பருப்பு வேகாது. இருவது வருசமா தெருக் கொழாயில புடிச்சிக்கினுதான் சமைக்கறேன். கரடி வந்து குடிக்குதுன்னு ஊரெல்லாம் சொன்னீங்களாமே, எந்தக் கரடி?"

கையிலிருந்த மோரைக் கீழே வைத்தேன். நானே கட்டிவிட்ட கதையை நானே நம்பி, அந்தக் கிணற்றுக்காகவே இந்த வீட்டை விடாமல் துரத்திக்கொண்டிருக்கிறேன்.

"சோடாக்காரருகிட்ட உப்புன்னு சொல்லாதங்கறான் எம் மவன். உங்ககிட்ட சொல்லிட்டேன். உப்புத் தண்ணி வூடு வேணுமான்னு தங்கச்சியக் கேட்டுட்டுச் சொல்லுங்க."

திரும்பும் வழி முழுக்க மெகருன்னிசாவிடம் எப்படிச் சொல்வது என்றே யோசித்தேன். ஒப்பந்தம் முடிந்துவிட்டது, தண்ணீர் உப்பு, தப்பு என்னுடையது. வேறு வீடு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டால் என்ன?

20.9.1987, ஞாயிறு

சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன்.

"தெரியும்" என்றாள்.

"இன்னா தெரியும்?" என்றேன்.

"மொத நாளே ஒரு கை அள்ளிக் குடிச்சிப் பாத்தேன். உப்பு. பாத்திரம் கழுவலாம், துணி தொவைக்கலாம். குடிக்கத் தெருக் கொழா நாலு வூடு தள்ளி இருக்கு, அதையும் பாத்துட்டேன்."

"என்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா 'வேற பாப்போம்'னுவீங்க. பன்னெண்டு வருசமா ஒவ்வொரு வூட்டுக்கும் அப்படித்தான சொன்னீங்க? தென்ன மரம் சாஞ்சிக்கினு இருக்கு, வேற பாப்போம். வாச தெக்கால இருக்கு, வேற பாப்போம். இந்த ஒரு வூட்டத்தான் நீங்களே வாய் ஓயாம புகழ்ந்தீங்க. நான் எதுக்குக் கெடுக்கணும்?"

பாயிஸா சமையலறையில் சிரித்துக்கொண்டிருந்தாள். "மாமா, கரடிக்கு உப்பு புடிக்குமாம் மாமா!"

நான் சிரிக்கவில்லை. ஆறு வாடகை வீட்டுக்கும் காரணம் வீட்டுக்காரர்கள் என்றே இத்தனை நாள் எழுதிவந்திருக்கிறேன்.

24.9.1987, வியாழன்

நேற்றோடு மறியல் முடிந்தது. இன்று காலை கச்சிராயபாளையம் சாலையில் அந்த வீட்டு வாசலில் தங்கதுரையின் கார். தமிழழகன் நாற்காலி போட்டு உபசரித்துக்கொண்டிருந்தான். நானும் மெகருன்னிசாவும் ஓரமாக நின்றோம். அவள் மறுபடி பச்சைப் புடவை கட்டியிருந்தாள்.

ராஜாம்பாள் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்தாள்.  நேராகப் பின்பக்கம் போனாள். ராட்டினம் கிறீச்சிட்டது. ஒரு செம்புத் தண்ணீரோடு வந்து தங்கதுரையிடம் நீட்டினாள்.

"குடிச்சிப் பாருங்க."

"அம்மா!" என்றான் தமிழழகன்.

"நீ சும்மா இருடா. கண்ண மூடிக்கினு ஒருத்தரு தலையில கட்டிட்டு நான் ரிஷிவந்தியத்துல நிம்மதியா தூங்குவனா?"

தங்கதுரை குடித்தார். முகம் போன போக்கை வர்ணிக்க என் அகராதியில் இடமில்லை. வாசலுக்கு வெளியே துப்பினார். என்னைப் பார்த்தார். "கரடி குடிச்சிட்டுச் சலாம் வைக்கும்னியே பாய்!"

"குடிச்ச கரடி திரும்பி வரலிங்க" என்றேன்.

கார் போய்விட்டது. தமிழழகன் திண்டாடிப்போய் நின்றான். ராஜாம்பாள் மெகருன்னிசாவைப் பார்த்தாள்.

"உப்புன்னு தெரிஞ்சே கேக்கறியாம்மா?"

"ஆமாக்கா. எனக்கு வூடுதான் வேணும்."

"அப்ப வா, இன்னைக்கே முடிச்சிடலாம்."

"புரட்டாசி ஆச்சேக்கா?" என்று கேட்டேன். எனக்கு எதற்கு இந்த வேலை?

"புரட்டாசி ஒண்ணாந் தேதிதான் எம் பேத்தி பொறந்தா. அவ பொறந்த மாசத்தக் கெட்டதுன்னு நானே சொல்லுவனா? உங்களுக்குத்தான் ஏதோ மாசம் ஆவாதுன்னீங்களே?"

எல்லாரும் மெகருன்னிசாவைப் பார்த்தோம். அவள் வெயிலைப் பார்த்தாள். "சஃபர் பிறை சாயந்தரந்தான் தெரியும். மக்ரிப் தொழுகைக்கு இன்னும் ஆறு மணி நேரம் இருக்கு. அண்ணே, நின்னுக்கினு இன்னா பாக்கறீங்க? ஆட்டோ கூப்பிடுங்க!"

பிற்பகல் மூன்று மணிக்குச் சார்பதிவாளர் முன்னால் ராஜாம்பாள் கையெழுத்துப் போட்டாள். தமிழழகன் சாட்சிக் கையெழுத்துப் போட்டான். போட்டுவிட்டு, "மாமா, சோடாக்காரரு துப்புனாரு பாருங்க" என்று ஆரம்பித்து முடிக்க முடியாமல் சிரித்தான். சரி, மாமா என்றே கூப்பிடட்டும்.

26.10.1987, திங்கள்

சஃபர் முடிந்தது. பால் காய்ச்சினோம். தெருக் குழாய்த் தண்ணீர்.

12.11.1987, வியாழன்

ரேஷன் கார்டில் விலாசம் மாற்றத் தாலுகா ஆபீஸ் போனோம். நீண்ட வரிசை, கடும் வெயில். எங்கள் முறை வந்ததும் எழுத்தர் தலை நிமிராமல், "சொந்த வீடா, வாடகையா?" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். ராஜபரம்பரை, எட்டுத் திக்கு, நாலு கோட்டை வாசல் என்று ஒரு பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. மெகருன்னிசா என் முழங்கையைப் பிடித்துப் பின்னால் தள்ளிவிட்டு ஜன்னலுக்கு முன்னால் போனாள்.

"சொந்த வூடு" என்றாள்.

எழுத்தர் எழுதிக்கொண்டார். அடுத்த கேள்விக்குப் போகுமுன், அவர் கேட்காமலே, வரிசையில் கடைசி ஆள் வரை திரும்பிப் பார்க்கும்படி இன்னொரு தடவை சொன்னாள்.