பாச்சை உருண்டை போட்ட நீல ஃபைலும் என் பிஸ்கட் டப்பாவும்

மாமி,

காலையில் பீரோவைத் திறந்ததும் உங்கள் வாசனைதான் முதலில் வந்தது. மல்லிகை, சந்தனம் என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் வந்தது பாச்சை உருண்டை வாசனை. பூச்சி அரிக்கக் கூடாது என்று உங்கள் நீல ஃபைலின் உறைக்குள் நீங்கள் போட்டுவைத்த இரண்டு உருண்டைகளும் இன்னும் கரையவில்லை. நீங்கள் கண்ணை மூடி ஆறு மாதமாகிறது. அந்த ஃபைலில் இன்று ஒரு புதுத் தாளைச் செருகினேன். வருமான வரி ஆபீஸின் பதில். நான் கட்ட வேண்டிய பாக்கி எதுவும் இல்லையாம். ஜெயித்துவிட்டோம் மாமி. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

தாராவியில் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் குடியிருந்துகொண்டு செம்பூரில் வீட்டை வாடகைக்கு விட்ட கோமாளி நான். கீழே பை தைக்கும் பட்டறை, மேலே குடித்தனம். பட்டறையை விட்டு நகர முடியாது. லோன் போட்டு வாங்கிய வீடோ சும்மா கிடந்தது. மாட்டுங்காவில் நீங்கள் இருந்த கட்டிடத்தை இடிக்கப் போகிறார்கள் என்று நீங்கள் வீடு தேடி வந்தீர்கள். ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருந்து ரிட்டையர் ஆனவர் என்று புரோக்கர் சொன்னார். அதைக் கேட்டபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். வீட்டுக்காரன் தோரணையில், வாடகையில் பாதியைக் கையில் கொடுத்துவிடுங்கள் என்றேன். எங்கள் சந்தில் எல்லோரும் அப்படித்தான் வாங்கினார்கள். நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னீர்கள்:

"முழுசும் பேங்க்லதான் போடுவேன், ஓனர் சார். ஒளிச்சு வைக்கற அளவுக்கு இது ஒண்ணும் பெரிய வாடகை இல்லே."

அந்த 'ஓனர் சார்' கடைசி வரைக்கும் என்னை விடவில்லை. குழாய் ஒழுகினாலும் ஓனர் சார், லிஃப்ட் நின்றாலும் ஓனர் சார். பத்தாம் வகுப்பை இரண்டு தவணையில் பாஸ் செய்தவனை அதுவரை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. கிண்டல் என்று தெரிந்தும் உள்ளுக்குள் குளிர்ந்துதான் போனேன்.

அப்புறம் அந்த ஜூலை. மாஹிமில் இருக்கும் ஏஜெண்டிடம் ரிட்டர்ன் போடக் கிளம்பியவன், வழியில் உங்கள் குழாயைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன். கையில் பிஸ்கட் டப்பா. அதில் என்ன என்று கேட்டீர்கள். பெருமையாகத் திறந்து காட்டினேன். பெயிண்ட் பில், பிளம்பர் சீட்டு, பல்பு வாங்கிய ரசீது, பிளம்பருக்கு வாங்கிக் கொடுத்த அரை கிளாஸ் கட்டிங் சாய்க்குக்கூட ஒரு துண்டுச் சீட்டு. வீட்டுக்காக ஆன செலவையெல்லாம் வாடகையில் கழிக்கலாம் என்று எவனோ சொன்னதை நம்பி வருஷக்கணக்காகச் சேர்த்தது. ஏஜெண்டோ அதைத் திறந்துகூடப் பார்க்காமல் முழு வாடகைக்கும் வரி போட்டுக்கொண்டிருந்தார்.

நீங்கள் சிரித்த சிரிப்பில் எதிர் வீட்டு குஜராத்தி அம்மா எட்டிப் பார்த்தார். பிறகு பென்சிலை எடுத்து, உங்கள் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எனக்குப் பாடம் நடத்தினீர்கள். முதலில் முனிசிபல் வரியைக் கழிக்கணும். மிச்சத்தில் நூற்றுக்கு முப்பது, ரிப்பேருக்கென்று அவர்களே விட்டுக்கொடுப்பார்கள். பில் இருந்தாலும் முப்பது, இல்லாவிட்டாலும் முப்பது. அப்புறம் லோன் வட்டி. மாதத் தவணை முழுவதும் இல்லை, வட்டி மட்டும். அப்படியானால் பெயிண்ட் அடித்ததை அந்த முப்பதுக்கு மேலே சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "ஆசை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள்.

முனிசிபாலிட்டி எனக்குப் பில்லே அனுப்புவதில்லையே என்றேன். கட்டிடத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து நடத்தும் சொசைட்டி மொத்தமாகக் கட்டிவிட்டு, வருஷத்துக்கு இரண்டு தடவை மெயிண்டனன்ஸ் பில்லில் நம் பங்கை ஒற்றை வரியில் போடுகிறது என்று காட்டினீர்கள். அந்தப் பில்லில் நான் அடியில் இருக்கும் மொத்தத்தை மட்டும் பார்ப்பேன். பணத்தைக் கட்டிவிட்டு, தாளில் வடை மடித்துக்கொண்டு ரயில் ஏறுவேன். வேண்டாத தாளையெல்லாம் டப்பாவில் பூட்டிவிட்டு வேண்டிய தாளைத் தின்றிருக்கிறேன்.

போதாததற்கு, நீங்கள் கொடுத்த டெபாசிட்டையும் வருமானம் என்று எழுதி வரி கட்டியிருந்தேன். அதைப் பார்த்தபோது மட்டும் நீங்கள் சிரிக்கவில்லை.

"அது என் பணம். நான் போறச்சே திருப்பித் தரணும். அதுக்கு நீங்க எதுக்கு வரி கட்டினேள்?"

நல்லபிள்ளை என்று பெயர் வாங்கத்தான் என்றேன். அன்றைக்கே நீல ஃபைல் வந்தது. சொசைட்டி பில் கீழே பெட்டியில் விழுந்ததும் நீங்களே எடுத்து, எனக்குப் போனில் தொகை சொல்லிவிட்டு, தாளை ஃபைலில் வைத்துவிடுவீர்கள். மேலே பென்சிலால் தமிழில் ஒரு குறிப்பு இருக்கும். டப்பாவை மட்டும் குப்பையில் போடச் சொன்னீர்கள். நான் போடவில்லை. என்ன இருந்தாலும் என் உழைப்பு.

நீங்கள் போன பிறகு உங்கள் மகன் புனேயிலிருந்து வந்தார். டெபாசிட்டை அன்றே திருப்பிக் கொடுத்தேன். அவர் ஃபைலைக் கையில் கொடுத்து, "ஓனர் சார்கிட்ட மறக்காம குடுன்னு அம்மா சொன்னா" என்றார்.

ஒரு மாதம் கழித்து வரி ஆபீஸிலிருந்து கேள்வி வந்தது. இரண்டு வருஷத்துக்கு முந்தைய கணக்கில் வாடகையிலிருந்து கழித்ததற்கெல்லாம் பதினைந்து நாளுக்குள் ஆதாரம் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அபராதத்தோடு கட்ட வேண்டும். ஏஜெண்ட் கணக்குப் போட்டுச் சொன்ன தொகை, என் மகளின் நர்சிங் கடைசி வருஷ ஃபீஸுக்கு எடுத்துவைத்ததை அப்படியே விழுங்கிவிடும். லஃப்டா, வம்பெல்லாம் வேண்டாம் சேட், கட்டிவிட்டு நிம்மதியாக இருங்கள் என்றார் அவர். அவருக்கென்ன, அந்த நிம்மதிக்குக் காசு கொடுப்பது நான்தானே.

ஞாயிற்றுக்கிழமை பகலில், மிஷின்கள் ஓடாத பட்டறையில், கட்டிங் மேஜை மேல் ஃபைலை விரித்து நானும் மகளும் உட்கார்ந்தோம். அவளுக்கு இங்கிலீஷ் தண்ணிபட்ட பாடு, தமிழ் எழுத்து பாதிதான் தெரியும். எனக்கு நேர் எதிர். உங்கள் பென்சில் குறிப்பை நான் வாசிக்க வாசிக்க, அவள் இங்கிலீஷில் தட்டிக்கொண்டே போனாள். வாடகை வந்ததற்குப் பாஸ்புக் இருந்தது. ஒரு மாதம்கூட நீங்கள் கையில் தந்ததில்லையே. வட்டிக்கு பேங்க் தாள் கொடுத்துவிட்டது. எல்லாம் பக்கா. ஒரே ஒரு பில்தான் இல்லை. அந்த வருஷத்தின் இரண்டாவது முனிசிபல் வரிப் பில். இருக்க வேண்டிய இடத்தில், 'நான் புனேயில். பில் பார்க்கவில்லை. ஓனர் சாரைக் கேட்கணும்' என்று உங்கள் எழுத்து.

சொசைட்டியில் கேட்டால், பழைய பில்லைத் தேடித் தர இரண்டு மாதமாகும் என்றார்கள். மகள் யோசித்துவிட்டு, "விடுப்பா, அந்தப் பாதிய மட்டும் இல்லைன்னு ஒத்துக்குவோம்" என்றாள்.

"கட்டுன பணத்த கட்டலன்னு எழுதவா? மாமி இருந்தா என்னைய உரிச்சிருப்பாவ, மவளே."

சொல்லும்போதே எனக்குப் பொறி தட்டியது. நீங்கள் புனேயில் இருந்தபோதுதான் அந்தக் குழாய் மறுபடியும் ஒழுகியது. நான்தான் பிளம்பரோடு போனேன். வாட்ச்மேன் என் கையில் ஒரு தாளைக் கொடுத்தார். பணத்தைக் கட்டிவிட்டு அதை என்ன செய்தேன்? ஏணி வைத்துப் பரணில் ஏறினேன். பிஸ்கட் டப்பா. அடியில், பிளம்பர் சீட்டோடு, தேய்ந்துபோன வாஷரைப் பொட்டலமாக மடித்திருந்த தாள். பிரித்தால் துருக் கறைக்கு நடுவில் முனிசிபல் வரி என்ற வரி பளிச்சென்று இருந்தது.

ஐம்பத்திரண்டு வயதில் ஏணி மேல் நின்று ஆடினேன் மாமி. மகள் ஏணியைப் பிடித்துக்கொண்டு, முதலில் கீழே இறங்கச் சொல்லிக் கெஞ்சினாள். குப்பையில் போடச் சொன்னீர்களே! வாழ்நாளில் ஒரே ஒரு தடவை உங்களைவிட நான் கெட்டிக்காரனாக இருந்தேன். அதைக் கேட்க நீங்கள் இல்லை.

ஃபீஸ் நேற்றுக் கட்டியாயிற்று. செம்பூர் வீட்டுக்குப் புதிதாக ஒரு இளம் ஜோடி வருகிறது. பாதி வாடகையைக் கையில் தந்துவிடட்டுமா, உங்களுக்கும் நல்லதுதானே என்று அந்தப் பையன் குரலைத் தாழ்த்திக் கேட்டான். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். கண்ணாடியில் அழுக்கு ஒன்றும் இல்லை.

"முழுசும் பேங்க்ல போட்டுருங்க தம்பி. ஒளிச்சு வைக்கிற அளவுக்கு இது ஒண்ணும் பெரிய வாடகை இல்ல."

சாவியோடு ஒரு புது நீல ஃபைலும் கொடுத்தேன். சொசைட்டி பில் வந்தால் இதில் வைக்க வேண்டும், வடை மடிக்கக் கூடாது என்றேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அந்தப் பெண் ஃபைலைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "உள்ள என்ன இது, ஓனர் சார்?" என்று கேட்டாள்.

பாச்சை உருண்டைம்மா என்றேன். இரண்டு போட்டிருக்கிறேன்.