கேட்காமல் தூக்கிய கட்டு

ஓசூர்,
வியாழக்கிழமை

அன்புள்ள கௌதமுக்கு அம்மா எழுதுவது.

லின் எழுத வேண்டிய பகுதியை அவளைக் கேட்காமல் நீயே எழுதிச் சேர்த்துக் கொடுத்துவிட்டாய், அதனால் உன் புராஜெக்ட் குழு உன்னை வேண்டாம் என்கிறது. ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கத்தினதில் எனக்கு விளங்கினது இவ்வளவுதான். மற்றபடி நானும் உன் அப்பாவும் உன் தங்கை லாவண்யாவும் சௌக்கியமாக இருக்கிறோம், அந்த ஜெர்மனிக் குளிரில் நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் என் வேண்டுதல். அப்பாவுக்கு முட்டி வலி பரவாயில்லை, ஆனாலும் கடைக்கு வந்து கல்லாவில் உட்காரவில்லை என்றால் அவருக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. மாடியில் ஒடிசாப் பையன்கள் இரண்டு பேரைக் குடி வைத்திருக்கிறேன், சிப்காட்டில் வேலை, சத்தம் போடாத பிள்ளைகள், கடுகெண்ணெய் வாசம்தான் படிக்கட்டு வரைக்கும் இறங்கி வருகிறது. போனில் பேசினால் நீ பாதியில் வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். எதிர்வீட்டு அருணாவின் மகன் அடுத்த வாரம் உன் ஊருக்குத்தான் கிளம்புகிறான், பருப்புப் பொடியோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

உன் சங்கதி கேட்டு என் அண்ணன் சென்னப்பன் வந்தார். பிராங்க்பர்ட்டில் இருக்கும் அவர் மருமகனை அனுப்பி உன் வாத்தியாரிடம் பேச வைக்கட்டுமா என்றார். வேண்டாம் அண்ணா, கேட்காமல் கை வைத்துத்தான் பையன் மாட்டிக்கொண்டு நிற்கிறான், நாமும் அதையே செய்ய வேண்டாம் என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். ஜெர்மன்காரி ஹன்னா, பிரேசில்காரன் ஒருவன், வியட்நாம் பெண் லின், நீ என்று நாலு பேர் சேர்ந்தபோது எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய். இப்போது என்னடா என்றால், நான் நல்லதுதானேம்மா செஞ்சேன், அவ லேட்டு, எல்லாருக்கும் மார்க் போயிடும்னுதானே செஞ்சேன், ஹன்னா எல்லார் எதிர்லயும் உன்னை யார் கேட்டதுன்னு கேக்கறா, இனிமே தனியாவே பண்ணிக்கிறேன் என்கிறாய். லின் ஒன்றுமே செய்யவில்லை என்று நினைத்து வாத்தியார் அவளுக்கு மார்க்கைக் குறைத்துவிட்டார் என்பதையும் போகிற போக்கில் சொன்னாய். அந்த இடத்தில்தான் எனக்குச் சுருக்கென்றது. வீரலட்சுமி ஞாபகத்துக்கு வந்துவிட்டாள்.

நீ பிறப்பதற்கு முன்னால், எனக்குக் கடை எதுவும் இல்லாமல், உத்தனப்பள்ளியிலிருந்து கொத்தமல்லிக் கட்டுகளைப் பெங்களூர் மார்க்கெட்டுக்கு ஏற்றிக்கொண்டு போன காலம் அது. தனியாக டெம்போ பிடித்தால் யாருக்கும் கட்டாது, அதனால் மூன்று பெண்களுக்கு ஒரு வண்டி. வீட்டில் தெலுங்கு பேசுகிற வீரலட்சுமி, புருஷனுக்கு ஃபேக்டரி வேலை கிடைத்து மதுரைப் பக்கத்திலிருந்து வந்த பவளம், அப்புறம் நான். வண்டி ஓட்டுகிற நாராயணப்பன் கன்னடக்காரர். இறங்கினால் ஆளுக்கொரு பேச்சு, ஏறிவிட்டால் எல்லாம் கலந்த ஒரு பேச்சு, அதை எந்த ஊர்க்காரன் கேட்டாலும் பாதிதான் புரியும், எங்களுக்கு முழுசும் புரியும். ஈரச் சாக்கும் கொத்தமல்லியும் சேர்ந்து ஒரு வாசம் வரும், இன்றைக்கும் கடையில் முதல் கட்டைப் பிரிக்கும்போது அந்த வாசத்தில் ஒரு நிமிஷம் அப்படியே நின்றுவிடுகிறேன். அத்திப்பள்ளி செக்போஸ்டில் டீக்கு நிறுத்துவோம். ஏத்தா, இதென்ன டீயா கழனித்தண்ணியா என்று பவளம் மூஞ்சியைச் சுளிப்பாள், எனக்குக் கழனித்தண்ணிதான்டி பிடிக்கும், இங்க குடு என்று அவள் கிளாஸையும் வாங்கி வீரலட்சுமி குடித்துவிடுவாள். இப்போது காரில் அந்தப் பக்கம் போனால் பாலமும் கண்டெய்னர் லாரியுமாக இருக்கிறது, நாங்கள் நின்ற இடம் எது என்று தேடிப் பார்த்துவிட்டேன், தெரியவில்லை.

ஒரு நாள் வீரலட்சுமி வரவில்லை. மாமியாருக்கு முடியாமல் போய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தாள். அவள் கட்டெல்லாம் தண்ணீர் தெளித்து ரோட்டோரம் அடுக்கியபடி கிடந்தது. பவளம் தானே தூக்கி வண்டியில் போட்டு, மார்க்கெட்டில் தானே நின்று, நல்ல விலைக்கு விற்று, ஒரு பைசா எடுக்காமல் அவள் கையில் கொண்டுபோய்க் கொடுத்தாள். நம் பக்கத்தில் இதற்குப் பெயர் உதவிதான். சுமை கிடந்தால் தூக்கிவிடுவோம், கேட்டுக்கொண்டு நிற்க மாட்டோம், நீயும் நம் வீட்டில் பார்த்து வளர்ந்ததைத்தான் செய்தாய். ஆனால் அந்தக் கட்டெல்லாம் பெங்களூரில் ஒரு பிரியாணிக் கடைக்காரருக்கு, அவர் கல்யாண ஆர்டருக்கு என்று சொல்லி வைத்தது. மாமியாரைப் படுக்க வைத்துவிட்டு அடுத்த வண்டியில் கொண்டுபோகலாம் என்று வந்து பார்த்தால் ரோட்டில் கட்டு இல்லை. காசு யாருக்குடி வேணும், நாளைக்கு அந்தாளு கடைக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கினு போவேன் என்று வீரலட்சுமி தெருவே திரும்பிப் பார்க்கக் கேட்டாள். நல்லது செஞ்சவளுக்கு இதான் மருவாதையா என்று பவளம் அழுதாள். அதிலிருந்து ஒருத்தி முன்னால், ஒருத்தி பின்னால், நடுவில் நான். ஏனம்மா, நான் ஓட்டறது டெம்போவா சாவு வண்டியா என்று நாராயணப்பன் கேட்டுப் பார்த்தார், யாரும் சிரிக்கவில்லை. வேற வண்டி பாத்துக்கிறேன் என்றாள் வீரலட்சுமி. அவள் போனால் மிச்ச இரண்டு பேருக்கும் வண்டி ஓடாது, என் பிழைப்பும் அதோடு சரி.

மன்னிப்புக் கேள் என்று பவளத்துக்கு எல்லோரும் சொன்னார்கள், அவள் கேட்கவில்லை. ஒரு நாள் மார்க்கெட்டில் இறங்கினதும் யாரிடமும் சொல்லாமல் நேராக அந்தப் பிரியாணிக் கடைக்குப் போய், அவ சொன்ன சொல்லு தவறலைங்கய்யா, நாந்தான் கட்டைத் தூக்கினேன், ஏசுறதா இருந்தா என்னைய ஏசுங்க என்று நின்றாளாம். அவரும் குறை வைக்காமல் ஏசினார். அந்த வாடிக்கை வீரலட்சுமிக்குத் திரும்பி வந்தது, மூன்று பேரும் மறுபடி ஒன்றாகவே போய் வந்தோம். புருஷன் ரிட்டயர் ஆனதும் பவளம் திருமங்கலத்துக்கே போய்விட்டாள், பொங்கலுக்குப் போன் போட்டால் இன்றைக்கும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம், யார் சொல்வதும் யாருக்கும் கேட்பதில்லை. இதைச் சொன்னால், அம்மா இது கொத்தமல்லி வியாபாரம் இல்ல என்பாய். இல்லைதான். கொத்தமல்லி சாயங்காலத்துக்குள் வாடிவிடும், உன் ரிப்போர்ட் வாடாது, அதனால் பவளத்தைவிட உனக்கு நேரம் இருக்கிறது. லின் ஏன் தாமதம் செய்தாள் என்று அவளையே கேட்டாயா?

சனிக்கிழமை. விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன். நேற்று நீ கூப்பிட்டாய். லின் சும்மா இருக்கவில்லை, லேபில் எடுத்த அளவு தப்பாக வந்ததால் மறுபடி அளந்துகொண்டிருந்தாள், அவளைக் கேட்காமல் எழுதினது நான்தான் என்று வாத்தியாரிடம் நீயே போய்ச் சொல்லிவிட்டாயாம், ரிப்போர்ட்டைத் திருத்தி மறுபடி கொடுக்க அவரும் சரி என்றாராம். அம்மா பக்கம் பக்கமா எழுதினது தண்டம் என்று லாவண்யா சிரிக்கிறாள். தண்டமாகவே இருக்கட்டும், நான் கிழிக்கப் போவதில்லை, அந்த வண்டியை நினைத்து உட்கார்ந்தே ரொம்ப நாளாயிற்று.

படிப்பு ஒரு குறையும் இல்லாமல் முடிந்து, போன இடத்தில் நாலு பேர் வேண்டும் என்று கூப்பிடுகிற பிள்ளையாக நீ நன்றாக இருக்க வேண்டும். பொடியில் ஈரக் கரண்டி போடாதே. உன்னை மறுபடி குழுவில் சேர்த்துக்கொள்ள லின் போட்ட நிபந்தனைகளை நீ சொன்னபடியே கீழே எழுதுகிறேன், மறந்துபோச்சு என்று பின்னால் சொல்லக் கூடாது. அவள் பகுதிக்கு அவள் எழுதினதே போகும். நீ எழுதினதில் வேண்டியதை அவளே பார்த்து எடுப்பாள். இனி யாருக்குத் தாமதமானாலும் முதலில் கேட்பது, சரி என்று பதில் வந்த பிறகே தொடுவது, இது ஹன்னாவுக்கும் பிரேசில்காரனுக்கும் சேர்த்து. புராஜெக்டைப் பற்றி எல்லோர் முன்னாலும் பேசுகிற நாளில் அவள் பகுதியில் கேள்வி வந்தால், பதில் உனக்குத் தெரிந்தாலும் வாய் திறக்கக் கூடாது. அவள் திரும்பி உன்னைப் பார்த்தால் மட்டும் பேசலாம்.

இப்படிக்கு,
அம்மா முனிலட்சுமி